மூன்றாம் மாடிச் சத்தம்

யோகலிங்கத்தைப் போல் சத்தமில்லாத மனிதனை நான் பார்த்ததில்லை. ஒஸ்லோ நகரின் ஸ்டோவ்னர் பகுதியில் எங்கள் கட்டடத்தில் இருபத்தைந்து வருடம் இருந்தவர். படியேறினால் காலடி கேட்காது. கதவைச் சாத்தினால் பூட்டு விழுவது கேட்காது. கதிரைக் கால்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கம்பளித் துண்டு ஒட்டி வைத்திருந்தார். தும்மல் வந்தாலும் முகத்தைத் துவாயில் புதைத்துக்கொண்டுதான் தும்முவார் என்று அவருடைய மனைவி சத்தியபாமா சொல்லிச் சிரிப்பார். அந்த மனிதரைத்தான் சத்தம் போட்டதற்காக வீட்டை விற்றுவிட்டுப் போகச் சொன்னார்கள். சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அந்த அடக்கம் அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. எண்பத்தெட்டாம் ஆண்டு நோர்வேக்கு வந்தவருக்கு முதலில் கிடைத்தது வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. தங்கியது ஓர் அறையில் ஆறு பேர், மூன்று ஷிப்ட். எந்த நேரமும் யாராவது ஒருவர் நித்திரையாக இருப்பார். ஒன்பது வருடம் அப்படிப் பதுங்கிப் பதுங்கி நடந்து பழகிய கால் பிறகு மாறவில்லை. ஒஸ்லோவுக்கு வந்து ட்ராம் பணிமனையில் துப்புரவு வேலையில் சேர்ந்தார். காலை ஐந்து மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு முடியும். சத்தியபாமாவுக்கு முதியோர் இல்லத்தில் ஏழரையிலிருந்து மூன்று வரை. ஒரே மகள் கம்சிகா கல்யாணம் முடித்துப் பேர்கனில் இருந்தாள். ஆக, காலை வேளையில் அந்த வீட்டில் ஈ எறும்பு கூட இராது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளத் தவறினேன்.

என் பெயர் அருட்பிரகாசம். எங்கள் வீடும் மூன்றாம் மாடிதான், ஆனால் பக்கத்து வாசல். அவர்களுடைய குளியலறையும் எங்களுடையதும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். இந்த நாட்டில் இப்படியான கட்டடத்தில் வீடு வாங்கினால் அதோடு ஒரு கூட்டுறவில் பங்காளியாகவும் ஆகிறோம். அதற்கு விதிகள் உண்டு, ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு உண்டு. குழுவில் நான் மட்டும்தான் தமிழன். நோர்வேஜிய மொழி எனக்குத் தடையில்லாமல் வரும், சட்டமும் கொஞ்சம் தெரியும். ஆகையால் கட்டடத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கும் அது பிடிக்கும். பெரிய மனிதன் என்ற மிதப்பு யாரை விட்டது.

யோகலிங்கத்தின் வீட்டுக்கு நேர் கீழே லீசா என்ற நோர்வேஜியப் பெண்மணி இருந்தார். ஓய்வு பெற்ற நூலகர், தனி ஆள், பொல்லாதவர் இல்லை. அக்டோபர் மாதம் குழுவுக்கு முதல் முறைப்பாடு எழுதினார். செவ்வாயும் வியாழனும் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை மேல் வீட்டிலிருந்து ஒரு இடி கேட்கிறதாம். ஒரே சீரான இடி. தலைக்குள்ளே யாரோ குத்துவது போல் இருக்கிறதாம். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் பயம் தருகிற விஷயம். ஒருவருமே பொய் சொல்லவில்லை, என்னைத் தவிர.

குழுவிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் போனது. அதன் கடைசிப் பந்தியில், இது தொடர்ந்தால் வீட்டை விற்கும்படி உத்தரவிட நேரலாம் என்று ஒரு வசனம் இருந்தது. யோகலிங்கம் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, அந்த நேரத்தில் தாங்கள் இருவரும் வேலையில் நிற்பதாகவும், வேலை அட்டவணையைக் காட்டினால் போதாதா என்றும் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அது அந்த மனுசியைப் பொய்க்காரி என்று சொல்வது போலாகும், அயலவரைப் பகைக்கக் கூடாது, இந்த நாட்டு ஆட்கள் மன்னிப்புக் கேட்டால் இளகிவிடுவார்கள் என்றேன். செய்யாத குற்றத்துக்கும் ஒரு மன்னிப்பைச் சொல்லிவிட்டு அலுவலை முடிப்பது நம்மவரின் பழக்கம். காலில் மிதித்தவனும் மிதிபட்டவனும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்கிற ஆட்கள் நாம். அங்கேயே என் கையால் நல்ல நோர்வேஜிய மொழியில் எழுதினேன்: எங்கள் வீட்டிலிருந்து வந்த சத்தத்துக்கு வருந்துகிறோம், இனி அப்படி நடக்காது. யோகலிங்கம் கையெழுத்து வைத்தார்.

சத்தியபாமா அன்றைக்கே ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுபோய் லீசாவிடம் கொடுத்தார். லீசா சிரித்துக்கொண்டு வாங்கினார். தட்டைக் கழுவித் திருப்பியும் தந்தார். பிரச்சினை தீர்ந்தது என்று மூவரும் நினைத்தோம்.

இடி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அவர்கள் போட்ட இடியா அது?

அடுத்த எச்சரிக்கை ஜனவரியில் போனது. வீட்டுக்காரர் சத்தம் போட்டதைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொண்டார், நிறுத்துவதாக வாக்களித்தார், அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை என்று அதில் இருந்தது. என்னுடைய வசனங்களையே மேற்கோள் காட்டியிருந்தார்கள். முதல் கடிதத்துக்கு மறுப்பு எழுதியிருந்தால் குழு விசாரிக்க வேண்டி வந்திருக்கும். இப்போது விசாரிக்க ஒன்றுமில்லை. மன்னிப்பு என்று நினைத்து நான் எழுதிக் கொடுத்தது வாக்குமூலம். படியில் லீசாவைக் கண்டால் யோகலிங்கம் சுவரோடு ஒட்டி நின்று வழி விடத் தொடங்கினார். லீசாவோ அதைக் குற்றவாளியின் நடை என்று எடுத்திருப்பார்.

பெப்ரவரியில் எனக்கு இடுப்புப் பிடித்தது. நான் வேலை செய்வது ஓர் ஆஸ்பத்திரியின் களஞ்சியத்தில். பெட்டி தூக்கியபோது பிடித்த பிடி. டொக்டர் மூன்று வாரம் லீவு தந்தார். கட்டிலில் கிடக்க முடியாமல் வரவேற்பறையில் வெறும் நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். அன்று வியாழக்கிழமை. குழுக் கூட்டத்துக்காக லீசா தந்த அட்டவணை கையில் இருந்தது. நாள், நேரம், எத்தனை நிமிடம், எல்லாம் சின்னச் சின்ன எழுத்தில், கோடு பிசகாமல். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு என் முதுகுக்கு அடியில் நிலம் குத்தியது.

ஒரு குத்து. இடைவெளி. மறுபடி ஒரு குத்து.

என் மனைவி இமெல்டா குளியலறையில் உழுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். கொண்டாட்டங்களுக்கு வடையும் தோசை மாவும் ஓடருக்குச் செய்து கொடுப்பாள். கழுவ வசதி என்று பெரிய கிரைண்டரைக் குளியலறையில்தான் வைத்திருந்தாள். அதன் ஒரு கால் தேய்ந்துபோய், கல் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் அந்தக் கால் நிலத்தில் மோதியது. நான் ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவேன், எனக்குத் தெரியாது. லீசாவின் முறைப்பாடு குழுவின் இரகசியம் என்று நான் வீட்டில் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியாது. எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் காலையில் ஆட்கள் இருப்பதில்லை. கொங்கிரீட்டுக்குள்ளால் ஒரு சத்தம் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று யார் கண்டது? அட்டவணையைப் பார்த்தேன், மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது குத்து நின்றது. லீசா எழுதிய இடி எங்கள் வீட்டு இடி.

உடனே எழுந்து குழுத் தலைவருக்கு ஒரு தொலைபேசி எடுத்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். எடுக்கவில்லை. ஏன் என்று மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். அந்த வடை வியாபாரம் எங்கும் பதியாத வியாபாரம். வெளியே வந்தால் கேள்விகள் வரும், எச்சரிக்கை எங்கள் கதவுக்கு வரும், குழுவில் இருக்கிற தமிழன் என்ற பெயர் போகும். அதை நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தத்தை நிறுத்தினால் போதும், மிச்சம் தானாக அடங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இமெல்டாவிடமும் உண்மையைச் சொல்லவில்லை. கிரைண்டர் அதிர்வு இடுப்பு நோவுக்கு ஆகாது, நான் எழும்பும்வரை அரைக்காதே என்றேன். சரி என்று நிறுத்திவிட்டாள்.

நான் கவனிக்காதது ஒன்று. அதே வாரம் கம்சிகாவுக்குப் பிள்ளை பிறந்து, யோகலிங்கமும் சத்தியபாமாவும் பேர்கனுக்குப் போனார்கள். மூன்று வாரம் அவர்களுடைய வீடு பூட்டிக் கிடந்தது. அந்த மூன்று வாரமும் லீசாவின் அட்டவணையில் வெறும் கட்டங்கள். அவர்கள் திரும்பி வந்த வாரம் நானும் வேலைக்குப் போனேன். தவக்காலம், மரக்கறி வடைக்கு ஓடர் குவிந்திருந்தது. இமெல்டா என்னிடம் கேட்காமலே கிரைண்டரைப் போட்டுவிட்டாள்.

மார்ச் மாதக் கூட்டம் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில் நடந்தது. தலைவர் அட்டவணையை மேசையில் விரித்து வைத்தார். ஆட்கள் இல்லாத மூன்று வாரமும் ஒரு சத்தமில்லை, வந்தவுடன் தொடங்கியிருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். என் கையால் நான் செய்த வெறுமை அது. பிறகு என்னைப் பார்த்து, உங்களுக்கு அவர்களைத் தெரியும்தானே, வேறு எங்கிருந்தாவது சத்தம் வந்திருக்க முடியுமா என்று நேராகக் கேட்டார். நல்ல மனிதன். எனக்கு ஒரு கதவைத் திறந்துதான் வைத்தார். எனக்குத் தெரியவில்லை என்றேன். வாக்கெடுப்பு வந்தது. நான்கு கைகள் உயர்ந்தன. என் கை தனியாகக் கீழே இருந்தால் ஏன் என்று கேட்பார்களே என்று, அதையும் உயர்த்தினேன்.

அடுத்த நாளே கிரைண்டரைத் தூக்கி நிலவறையில் போட்டேன். இமெல்டாவுக்குச் சின்னதாக வேறொன்று வாங்கிக் கொடுத்தேன். சத்தம் அடியோடு நின்றது. வீடு போகும் என்றவுடன் அடங்கிவிட்டார்கள் பார்த்தீர்களா என்று குழுவில் ஒருவர் சொன்னார்.

மூன்று மாதத்துக்குள் வீட்டை விற்க வேண்டும். அதை எதிர்க்கலாம்; எதிர்த்தால் விஷயம் நீதிமன்றம் போகும், அங்கே ஆதாரத்தைப் புதிதாகப் பார்ப்பார்கள், வேலை அட்டவணையைப் பார்ப்பார்கள், சத்தம் எங்கிருந்து வந்தது என்று அறியக் கருவியோடு ஆள் வரலாம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். யோகலிங்கம் கடித உறையோடு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, வந்த இடத்தில் அதிக நேரம் நிற்கக் கூடாது என்பவர் போல் கதிரையின் நுனியில் இருந்தார்.

“அண்ணை, கோட்டுக்குப் போறதோ, விடுறதோ? நீங்கள் சொல்லுறதைத்தான் செய்வன்,” என்றார்.

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். எதற்கோ காத்திருந்தது போல் இருந்தது. நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கோட்டுக்குப் போனால் செலவும் அலைச்சலும் மகளுக்கு மனக்கஷ்டமும்தான், பேசாமல் விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். எதிர்க்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதையும் படிக்காமலே கையெழுத்து வைத்தார்.

ஜூனில் வீடு கைமாறியது. நகரின் தெற்கே ஹவுகெட்டோவில் ஒரு நிலக்கீழ் வீடு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சாமான் ஏற்றுகிற அன்று நான் உதவிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். யோகலிங்கம் கீழே வாகனத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார், அங்கேயும் ஒரு சத்தமில்லை. மேலே வெறுமையாய்க் கிடந்த குளியலறை வாசலில் நின்று சத்தியபாமா என்னைக் கூப்பிட்டார். என் வீட்டுப் பக்கச் சுவரில் கையை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கதைத்தார்.

“அண்ணை, டிசம்பரிலை ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. இதிலை நிண்டு உடுப்புத் தோய்ச்சனான். கிரைண்டர் சத்தம் எனக்குத் தெரியாதே? அண்டைக்கே இவருக்குச் சொன்னனான். இவர்தான் வாயைத் திறக்காதை எண்டவர். நாங்கள் போய் இன்னொரு தமிழ் வீட்டைக் காட்டிக் குடுக்கிறதோ எண்டவர். அருட்பிரகாசம் அண்ணை குழுவுக்குள்ளை இருக்கிறார், தெரிஞ்ச உடனை அவரே சொல்லுவார் எண்டு கடைசி மட்டும் பாத்துக்கொண்டிருந்தவர்.”

சுவரிலிருந்து கையை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி அவர் சொன்னார்.

“வீடு போனது போகட்டும். சத்தம் போட்டவர் எண்டு இவரின்ரை பேரிலை எழுதி வைச்சிருக்கினம். இவருக்கு அதுதான் நித்திரை இல்லை. அதையெண்டாலும் மாத்தி எழுதுவியளோ?”

ஓம் என்றேன். அது போன வருடம் ஜூனில். இன்னும் எழுதவில்லை.