குங்குமம் இறங்கிய கட்டை

சண்முகசுந்தரத்தின் வலது கையில் தையல் பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தக் கைக்காகத்தான் கீபோர்டு வந்தது. அது வந்த கோலம்தான் அவன் மனைவி பூமாரிக்குப் பிடிக்கவில்லை.

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் அவள் புருஷனின் விரல்களைக் கவ்விவிட்டது. விரல்கள் தங்கின. அசைவு திரும்புமா என்பதுதான் தெரியவில்லை. மோதிர விரல் மரக்கட்டைபோல நின்றது. பிசியோதெரபி பெண் கொடுத்த ரப்பர் பந்தை அவன் சுவரில் விட்டெறிந்தான். ஊர் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவன் என்று கேள்விப்பட்டு, "அப்ப கீபோர்டு வாசிங்க. ஒவ்வொரு விரலா அமுக்கணும். இப்ப விட்டா அப்புறம் விரல் இறுகிடும்," என்றாள் அவள்.

அவனோடு வேலை செய்யும் கொம்பையா, கலைந்துபோன பாட்டுக் கோஷ்டி ஒன்றிடமிருந்து அதை வாங்கி வந்தான். வாசிக்கும் கட்டைகளின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பிய சந்தனமும் குங்குமமும் இடுக்கெல்லாம் ஏடுகட்டிக் கிடந்தன. தூக்கியதும் ஒரு கரப்பான் இறங்கி ஓடியது.

வீட்டுச் சொந்தக்காரி கிளியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாம்மா இது? வூட்ல கீற கரப்பான் பத்தாதுன்னு பாட்டு படிக்கிற கரப்பான் வேறயா?"

பூமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. முழுதாக ஆறாத புண்ணில் இந்த அழுக்குப் பட்டால் சீழ் வைக்கும். கழுவுகிறேன் என்று தண்ணீர் உள்ளே போனால் கீபோர்டு போச்சு. இன்னொன்று வாங்க வழியில்லை.

"மைனி, இந்தாங்க தின்னர். எங்க பெயிண்ட் லைன்ல எல்லாம் இதுலதான் தொடைப்போம். ஒரு இழுப்புல பளிச்சுனு ஆயிரும்," என்றான் கொம்பையா.

அவள் உடனே ஊற்றிவிடவில்லை. துணி நுனியில் ஒரு சொட்டு தொட்டு, யாரும் வாசிக்காத கடைசிக் கட்டையின் ஓரத்தில் வைத்தாள். வெள்ளை மங்கி, பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. மூடியைத் திருகிப் பாட்டிலை வெளியே வைத்தாள்.

"அடப்பாவி, மொத்தத்தையும் உருக்கியிருப்பியே!" என்றாள் கிளியம்மாள்.

அதன்பின் பூமாரி தனக்குத் தெரிந்தபடி செய்தாள். கட்டு நனையாமல் புருஷனுக்கு உடம்பு துடைத்த கைதானே. ஒயரைப் பிடுங்கினாள். கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டினாள். காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் இடுக்குகளைக் கூட்டினாள். சோப்புத் தண்ணீரில் முக்கிய துணியைச் சொட்டாமல் பிழிந்து, ஒவ்வொரு கட்டையையும் நீளவாக்கில் இழுத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினாள்.

"சாமி குங்குமத்த தொடச்சிக்கினு கீறியே, தப்பாச்சே," என்றாள் கிளியம்மாள்.

அந்தச் சொல்லில் பதறியதோ என்னவோ, பூமாரி குங்குமம் தடித்துக் கிடந்த இடத்தில் ஈரத்துணியை அழுத்திவிட்டாள். சிவப்பாக ஒரு துளி இரண்டு கட்டைகளுக்கு நடுவே இறங்கி மறைந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் காயவைத்தாள். காய்ந்தபின் எல்லாக் கட்டையும் ஒரே வெள்ளை. துளி எங்கே இறங்கியது என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

உடனே போட்டுப் பார்க்கவும் முடியாது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் அது. பேட்டரி போடும் இடமோ துருவேறிக் கிடந்தது. மறுநாள் மத்தியானம் கரண்ட் வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கரண்ட் வந்தது. சின்ன விளக்கு எரிந்தது. சண்முகசுந்தரம் கட்டைவிரலை வைத்தான். சத்தம் வந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல், வந்தது. மோதிர விரலைக் குறிவைத்து இறக்கினான்.

ஒன்றுமில்லை.

மறுபடி இறக்கினான். நெற்றியில் வேர்த்தது. கையை மடியில் போட்டுக்கொண்டான்.

"இந்த விரல் செத்துப் போச்சு பூமாரி. இனி கீபோர்ட வச்சு என்ன செய்ய? தூக்கிக் கொடுத்துரு."

பூமாரி அந்தக் கட்டையையே பார்த்தாள். விரலா, கட்டையா? எட்டி, தன் விரலால் அதே கட்டையை ஓங்கி அமுக்கினாள். சத்தமில்லை. மறுபடி அமுக்கினாள். இல்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஏங்க, கட்டைதான் செத்துருக்கு! நான்தான் கொன்னேன். குங்குமத் தண்ணி உள்ள போயிட்டு."

"வாய மூடுட்டி. எனக்காக ஒண்ணும் சொல்லாண்டாம்."

"பொய்யின்னா அந்தக் கைய அப்படியே தூக்கி அடுத்த கட்டையில வைங்க பாப்போம்."

அவன் அவளை முறைத்தான். கையை ஒரு கட்டை தள்ளி வைத்தான். மோதிர விரல் இறங்க வெகுநேரமானது. பாதிதான் இறங்கியது. கொசு முரல்வதுபோல ஒரு சத்தம் வந்தது.

"இன்னொரு தடவ," என்றாள் பூமாரி, அவன் மணிக்கட்டின் கீழே மடித்த துண்டை வைத்தபடி.