சேக்காட்டு அமுதாவின் கார் ஷெட்

செய்தி வந்தபோது நான் அம்பத்தூர் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். என் தோழி அமுதாவின் கணவர் ராஜேந்திரன் அண்ணன் எனக்கு போன் செய்து பேசுகிறவர் அல்ல. அமுதா பேச வேண்டும் என்றால் நம்பரைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அன்று அவர் குரலே வந்தது. "சுமதிம்மா, அமுதா பூட்டா. காலைல டீ குடிச்சா. மாரு அடைக்குதுன்னா. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிடுச்சி." கீரைக்கட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு ஆவடி பஸ்ஸில் ஏறினேன்.

சேக்காட்டில் அவர்கள் வீடு சின்னது. முன்பக்கம் ஒரு கார் ஷெட். அதற்குள் அமுதாவின் வேலை பெஞ்சும், சுவர் முழுக்க அலமாரிகளும் இழுப்பறைகளும். அவற்றை வெளியே தூக்கிப் போட்டால் ஐஸ் பெட்டியை நிழலில் வைக்கலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். ராஜேந்திரன் அண்ணன் ஒப்பவில்லை. "ரோட்ல சாமியானா போடு. ஷெட்டுல ஒருத்தனும் கைய வெக்காத" என்றார். அனல் வீசிய தெருவில்தான் அவளைக் கிடத்தினோம். என் பின்னால் நின்ற ஒருவர், "பொண்டாட்டிய விட மரப்பெட்டி பெருசா பூட்ச்சா இவனுக்கு?" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அன்று பதில் சொல்கிற நிலையில் யாரும் இல்லை. அமுதாவை அறிந்தவர்களுக்காகவும், அன்று வந்து அப்படி நினைத்துப் போனவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் சட்டைக்குக் காலர் தைப்பவள். அமுதா ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்த மெக்கானிக். அந்தத் தளத்தில் மெஷின் ரிப்பேர் பார்த்த ஒரே பெண் அவள்தான். ஒருநாள் என் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தது. அவள் வந்து, மூடியைக் கழற்றி, ஊசியை மாற்றிச் சரி செய்தாள். அதற்குள் சூப்பர்வைசர் எங்கள் தலைமேல் வந்து நின்றுவிட்டார். அமுதா ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து, இடுப்பில் கட்டியிருந்த பையில் அதற்குரிய இடத்தில் செருகினாள். "மெஷின மொதல்ல குடும்மா, சாமானெல்லாம் அப்பறம் அடுக்கிக்கலாம்" என்றார் அவர். அமுதா நிமிராமலே சொன்னாள்: "அப்பறம் காணோம்னு தேடுவேன் சார். அதுக்கும் நீங்கதான் கத்துவீங்க. தேடறது வேல இல்ல."

தேடறது வேல இல்ல. எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். வீட்டில் சீப்பைத் தேடும் பிள்ளைகளிடம் நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு சரி. சீப்புக்கு ஓர் இடம் செய்து கொடுக்கத் தோன்றியதில்லை. அமுதா அப்படியில்லை. அவளுக்கு இடம் செய்வதுதான் முதல் வேலை.

கம்பெனி வேறு மாவட்டத்துக்குப் போனதும் நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்க உட்கார்ந்தேன். அவள் கார் ஷெட்டில் தையல் மெஷின் ரிப்பேர் தொடங்கினாள். கார் ஷெட் என்று பெயர்தான், அதில் கார் நின்றதே இல்லை. வீடு கட்டும்போது என்றைக்காவது வாங்குவோம் என்று ராஜேந்திரன் அண்ணன் விட்டுவைத்த இடம் அது. அவர் ஓட்டும் லோடு வண்டி தெருவோரமாகவே நிற்கும். அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் பெரிய மெஷின்கள் வந்திறங்கும் பேக்கிங் பெட்டிகளை உடைத்து விற்பார்கள். அந்தப் பைன் பலகைகளை அவர் வண்டியில் கொண்டுவந்து இறக்க, அமுதா ஆணி பிடுங்கி, அறுத்து, இழைத்து, தானே ஒரு பெஞ்சு செய்தாள்.

அந்த முதல் பெஞ்சு ஆடியது. அதன்மேல் வைத்த நூல் பாபின் உருண்டு கீழே விழுந்து கேட் வரைக்கும் ஓடியது. மழைத் தண்ணீர் வழிந்து போவதற்காகத் தரையைத் தெருப் பக்கம் சரிவாகப் போட்டிருந்தார்கள். அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. உருண்ட பாபினைப் பார்த்துக்கொண்டே, "தர இன்னும் காருக்காவ காத்துகினு கீது" என்றாள். பிறகு சரிவுக்குத் தக்கபடி கால்களை வெட்டி, பெஞ்சைச் சுற்றி விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்தாள். அதன் பிறகு எதுவும் உருண்டு விழவில்லை. அப்போது எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியவில்லை என்று அவள் முதலில் சொன்னது ஆவடி பஸ் நிலையத்தின் எதிரே. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போகிறது என்றார் டாக்டர். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். சொட்டு மருந்து விட்டாள், அறுவை சிகிச்சையும் செய்துகொண்டாள். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. குழாய்க்குள் கண் வைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பாள்.

அந்த நாட்களில் ஒருமுறை நான் பார்க்கப் போனபோது, ஷெட்டில் இருந்த எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. "கண்ணுக்கு ரெஸ்ட் குடுக்காம இன்னாடி பண்ணிகினு கீற?" என்றேன். ரம்பத்தை நிறுத்தினாள். "கீற கண்ண வெச்சி, இல்லாம போற கண்ணுக்கு வேல செஞ்சிகினு கீறேன் சுமதி. இப்ப செய்யலன்னா எப்ப செய்யறது?" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் அறுக்கத் தொடங்கினாள். நான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படித்தான் அந்த ஷெட் இரண்டாம் முறை உருவானது. சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்று இருந்தது, அதைக் கழற்றிவிட்டாள். நகரக்கூடிய எதுவும் இனி வேண்டாம் என்றாள். ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஒவ்வொரு குமிழ்: ஒன்றுக்கு மரக்கட்டை, ஒன்றுக்கு பாட்டில் மூடி, ஒன்றுக்கு நூல் கட்டை, ஒன்றுக்கு வெல்வெட் துணி சுற்றிய உருண்டை. தொட்டாலே எது எது என்று தெரியும். எந்த இழுப்பறையும் முழுதாக வெளியே வந்து விழாதபடி உள்ளே தடுப்புக்கட்டை. ஸ்க்ரூக்கள் எல்லாம் அளவுவாரியாக ஒரு பழைய அஞ்சறைப் பெட்டியில். சுவரில் மாட்டிய பலகையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு குழி வெட்டியிருந்தாள். சமையலறைக் கதவிலிருந்து பெஞ்சு வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு மரக் கைப்பிடி ஓடியது.

ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதிப்பாள். தடுமாறுகிற இடத்தைச் சொல்வது என் வேலை. ஒருநாள் ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளங்கையில் குத்தி ரத்தம் வந்தது. முனை மேலே இருக்கும்படி மாட்டியிருந்தாள். கண் தெரியும்போது அது வசதி. கையைக் கழுவிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் கழற்றித் தலைகீழாக மாட்டினாள். எனக்குத்தான் அழுகை வந்தது. "ரிப்பேர விட்டுடேன். அண்ணன் சம்பாரிக்கிறாரு, பொண்ணும் வேலைக்குப் போவுது" என்றேன். அப்போது அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஊட்ல நாள் முச்சூடும் அது எங்க, இது எங்கன்னு கேட்டுகினே இருக்கணும். கேட்டுக் கேட்டே ஆளு சின்னதா பூடுவேன். இந்த ஒரு எடத்துல மட்டும் யாரையும் கேக்காம இருக்கணும்."

பார்வை முழுதாகப் போன பிறகும் அவள் வேலை நிற்கவில்லை. மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள். பூந்தமல்லியிலிருந்துகூட ஆட்டோவில் மெஷின் வரும். கையில் எடுத்த சாமானைத் தடுமாறாமல் அதன் குழியில் திரும்ப வைப்பாள். சில பேர் அவளுக்குக் கண் தெரியாது என்பதே தெரியாமல் மெஷினை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பிறகு அவள் மகள் கீதாவின் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் உட்கார இடம் வேண்டும். அமுதா மகளோடு புடவை எடுக்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்த நாளில், ராஜேந்திரன் அண்ணன் ஷெட்டைக் காலி செய்து வெள்ளையடித்தார். ஆசையோடு செய்தார். பலகையைத் துடைத்து, பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக மாட்டினார். குமிழ்களெல்லாம் கோணல்மாணலாக இருக்கின்றன என்று எல்லா இழுப்பறைக்கும் ஒரே மாதிரி பித்தளைக் குமிழ் வாங்கிப் போட்டார். நடக்க இடைஞ்சல் என்று கைப்பிடியைக் கழற்றினார்.

அமுதா வந்து பெஞ்சின் முன் நின்றாள். சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தாள். உளி வந்தது. இன்னொரு இடத்தில் வைத்தாள். கத்தரி வந்தது. இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள், எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கை கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகும் அவள் ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. ரிப்பேருக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

வாரக்கணக்கில் இப்படிப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் போனபோது அண்ணன் வாசலில் நின்றிருந்தார். "திட்டியிருந்தாகூட பரவால்லம்மா. ஒரு வார்த்த சொல்லல. நா நல்லதுக்குத்தான செஞ்சேன்?" என்றார்.

"நல்லதுக்குத்தாண்ணா. ஆனா அவள ஒரு வார்த்த கேக்கலயே" என்றேன்.

அவர் உள்ளே போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவர் முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் போட, அமுதா வந்து அதில் உட்கார்ந்தாள். அண்ணன் பெஞ்சின் முன் போய் நின்று, "சொல்லு" என்றார்.

"ஜன்னல் பக்கம் ஆரம்பி. மொதல்ல இன்னா மாட்டிகீது?"

"பெரிய கத்தரி."

"கத்தரி அங்க இல்ல. பெஞ்சுக்குக் கீழ, இடது கைப் பக்கம் மொத டிரா. அதுக்கு வெல்வெட் குமிழு. எங்க அது?"

நல்லவேளை, பழைய குமிழ்களை அவர் தூக்கிப் போடவில்லை. ஒரு சிமெண்ட் பையில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார். பித்தளைக் குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கைப்பிடியும் பழைய இடத்துக்கே திரும்பியது. மதியச் சாப்பாட்டைத் தாண்டி அந்த வேலை நீண்டது. எது எங்கே, எந்த உயரத்தில், முனை எந்தப் பக்கம் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆரம்பத்தில், "இதுக்கும் அதுக்கும் ஒரு ஜாண்தானடி வித்தியாசம்" என்று அவர் வாதாடினார். பிறகு வாதாடவில்லை. ஒரு கட்டத்தில் மாட்டிய ஸ்பேனரை எடுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கை தப்பான இடத்தில் போய் இடித்தது. மறுபடி நீட்டினார். அமுதாவுக்கு அது தெரியாது. நான் பார்த்தேன்.

கடைசியில் வாசல் ஓரமாக ஓர் ஆணி மட்டும் வெறுமையாக நின்றது. "இதுல இன்னா மாட்றது?" என்று கேட்டார்.

"அது உன் வண்டி சாவிக்கு அடிச்சது. நீ ஒரு நாளும் மாட்னதில்ல."

அவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மாட்டினார். அந்தச் சத்தம் கேட்டு அமுதா லேசாகச் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தது என்று பிறகு கீதா சொன்னாள். மறுநாளே ஷெட் திறந்தது. இறந்ததற்கு முந்தின நாள் வரைக்கும் அது மூடவில்லை. இனி அந்த மனிதர் ஏன் ஷெட்டில் கை வைக்க விடவில்லை என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

காரியம் முடிந்த பிறகு, அவள் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று ராஜேந்திரன் அண்ணன் என்னிடம் சொன்னார். எதையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்தால் அந்த இடம் குழியாகத் தெரியும். அதோடு, எனக்கு வேண்டியது முன்னமே என்னிடம் வந்துவிட்டது என்பதைச் சென்ற வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

மாங்காட்டில் இருக்கும் என் தங்கைக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். கேட்டால் ஓரிரு வார்த்தை பதில் வரும், அவ்வளவுதான். உதவிக்கு என்று போன நான் முதல் நாள் காலையில் அவள் சமையலறையை ஒழுங்கு செய்யலாம் என்று டப்பாவைத் தூக்கினேன். தூக்கிய கையோடு நின்றுவிட்டேன். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அவளை எழுப்பிக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "இனிமே எடது கையாலதான் எடுக்கப் போற. எது எங்க இருக்கணும்னு நீயே சொல்லு" என்றேன். அலமாரியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி ஒரு தட்டைக் காட்டினாள். உப்பு அங்கே போனது. எண்ணெய் கீழே இறங்கியது. புளி டப்பாவை நான் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தபோது, "அங்க வெச்சா சூட்டுல கெட்டுப் பூடும். இத்தினி வயசாவுது, இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று குழறிய வாயாலேயே திட்டினாள். நான் விடவில்லை. அங்கேதான் எட்டும் என்றேன். எட்டாது என்றாள். வெகுநேரம் சண்டை போட்டோம். அவள் முகம் சிவந்து, பழைய என் தங்கையாக உட்கார்ந்திருந்தாள்.

புளி டப்பா அவள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது.