ராணிக்கு முதல் வாய்

எங்கள் புத்தூர் வெயிலில் பேய் வரவேண்டுமென்றால் அதுவும் குடை பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும். அந்தத் தைரியத்தில்தான் நான் பனி மூடிய கோட்டை, காகம், சாபம், சுவருக்குள் அழும் குழந்தை என்று வருகிற படங்களையே தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி ஹாஸ்டலில் பிடித்த பைத்தியம் அது. புத்தகமோ படமோ, தேவதைக் கதை என்றால் அதில் கொஞ்சம் இருட்டு இருக்கவேண்டும். குழந்தைகளுக்காக என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கிவிட்ட கதைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். திருப்பதிக்கு வேலைக்குப் போகிற ரயிலில், ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள் ஓட, கைப்பேசியில் ஒரு சூனியக்காரி யாரையாவது கல்லாக்கிக்கொண்டிருப்பாள்.

போன வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்கு அது இரண்டாவது. மூத்தவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். ஏழு வயதில் ஒரு பெண் இருந்தாள். மூத்தவளுடைய தாலியிலிருந்த தங்கக் குண்டு ஒன்றையும் சேர்த்துக் கோத்துத்தான் என் கழுத்தில் தாலி ஏறியது. அப்படிச் செய்தால் அவள் கோபித்துக்கொள்ளாமல் அதிலேயே இருந்துவிடுவாளாம். வழக்கம்தானே என்று நானும் தலையைக் குனிந்தேன். உண்மையைச் சொன்னால், என் படங்களில் வருகிற சமாச்சாரம் போல இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு சிலிர்ப்புகூட இருந்தது.

பெண் என்னிடம் அடம் பிடிக்கவில்லை, சண்டை போடவில்லை. சின்னம்மா என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட வேலை முடிந்ததும் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வாள். அவளை எப்படிப் பக்கத்தில் கொண்டுவருவது என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒருநாள், நான் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்து, முதல் வாயை உருட்டி என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நீ மொதல்ல துன்னு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இட்லியானால் ஒரு விள்ளல், பிஸ்கட்டானால் ஒரு கடி, எனக்குத் தராமல் அவள் வாயில் வைக்கமாட்டாள். நான் மென்று விழுங்குகிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "நீ அத்ருஷ்டக்காரிமா. பெத்த பொண்ணுகூட இப்டி ஊட்டாது" என்றாள். நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போயிருந்தார். மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, முன்பு கைப்பேசியில் பார்த்த படம் ஒன்றை டிவியில் போட்டேன். தெலுங்கு டப்பிங். ஒரு கருங்கோட்டைக்கு இரண்டாவதாக ஒரு ராணி வருகிறாள். செத்துப்போன மூத்த ராணியின் உயிரை ஒரு வெள்ளிச் சிமிழில் அடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். மூத்தவளின் மகளுக்குத் தன் கையால் சாப்பாடு தருகிறாள். ஒவ்வொரு வாய்க்கும் அந்தப் பெண் தன் தாயைப் பற்றி ஒரு விஷயத்தை மறந்துபோகிறாள்.

விளையாடப் போயிருந்த எங்கள் பெண் வந்து வாசலில் நின்றாள்.

"இப்போ பாரு, அவளுக்குப் பாட்டு மறந்துபூடும்" என்றாள்.

படத்தில் அந்தப் பெண் தாலாட்டின் பாதியில் நின்றாள். அடுத்த அடி வரவில்லை.

"உனக்கெப்டிடீ தெரியும்?"

"அன்னிக்கி நீ ஃபோன்ல பாத்துகினு இருந்தியே. நான் தூங்கவேல்ல."

"பயமா இல்லியா?"

"அதுக்குத்தான உனக்கு மொதல்ல குடுக்கறேன்" என்றாள், வீட்டுப்பாடம் ஒப்பிப்பதுபோல. "ராணி மொதல்ல துன்னுட்டா மந்திரம் வேல செய்யாது. அந்தப் பொண்ணுக்குக் கடசீலதான் தெரியும். எனக்கு முன்னாடியே தெரிஞ்சிபோச்சி."

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. வெளியே நடுப்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பாசம் என்று நினைத்து இத்தனை மாதமாக நான் விழுங்கிய ஒவ்வொரு வாயும் தொண்டையில் திரும்பி வந்து நின்றது. எத்தனை சூனியக்காரிகளைப் பார்த்து ரசித்திருப்பேன். அவர்களில் ஒருத்தியாக ஒரு குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

"நான் ராணி இல்லடீ" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா எனக்கு அம்மா கொரலு மறந்துபோச்சே. நீ வர்றதுக்கு முன்னாடி ஞாபகம் இருந்திச்சி." பிறகு என் கழுத்தைக் காட்டினாள். "அம்மா அதுலதான இருக்கா?"

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் சொன்னாங்க. உன் கல்யாணத்துல."

படத்தில் வந்ததைவிட மோசமான கதையை நாங்கள்தான் அவளுக்குச் சொல்லியிருந்தோம், மேளதாளத்தோடு. நாளாக நாளாக யாருக்கும் மறக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழு வயதுக்கு அது இன்னும் கொடுமை என்று தோன்றியது.

"வா, நீயே காது வச்சிக் கேளு" என்று தரையில் உட்கார்ந்தேன்.

தயங்கித் தயங்கி வந்தாள். குண்டின் மேல் காதை வைத்தாள். நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் தலை என் மார்பில் பட்டது அதுதான் முதல் தடவை. நான் அவளைத் தொடவில்லை. தொட்டால் ஓடிவிடுவாளோ என்று பயம்.

"என்னமோ அடிச்சிக்குது" என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

அம்மாதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தினமும் வந்து சாய்ந்துகொள்வாள். அந்த ஆசை வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே திக்கென்றது. ராணியும் மூத்தவளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதைத்தானே செய்தாள்.

"அது என் நெஞ்சு" என்றேன்.

"அம்மா இல்லியா?"

"இல்லடீ."

அவள் அழவில்லை. எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். நான் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன். முள் எடுத்துக் கொடுத்தேன். அவள் பிசைந்து முதல் வாயை உருட்டினாள்.

பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள்.