ஆறுக்கு மூன்று, மூன்றுக்கு ஒன்று

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவதோடு நின்றவள். எழுத்து கோணலாக விழும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விடுவேன், பாதி மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேத்தியிடம் வாயால் சொல்லிவிடலாமென்று இரண்டு தடவை ஆரம்பித்தேன், இரண்டு தடவையும் பேச்சை வேறெங்கோ மாற்றிவிட்டேன். அதனால்தான் கிழித்த காலண்டர் தாளுக்குப் பின்னால் எழுதுகிறேன்.

உலகக் கோப்பை நடந்த நாள்களில், கடலூரில் காலேஜ் படிக்கிற என் மகள் வயிற்றுப் பேத்தி, காலையில் காப்பி டம்ளரோடு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பந்தாட்டம் பார்க்க நோட்டு எதற்கு என்று கேட்டேன். நாலு நாலு டீமாகப் பிரித்து, அந்த நாலும் தங்களுக்குள் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஆடவேண்டுமாம். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமமானால் ஒன்று. இரண்டு டீம் ஒரே புள்ளியில் நின்றால் என்ன செய்வார்கள் என்றேன்.

“அங்கதான் ஆயா கதையே! அவுங்க ரெண்டு பேரும் மோதினதுல யார் ஜெயிச்சாங்கன்னு பாப்பாங்க. அதுவும் சமம்னா, போட்ட கோல்ல இருந்து வாங்குன கோலக் கழிப்பாங்க. அப்பறம் மொத்தமா யாரு ஜாஸ்தி போட்டாங்கன்னு. அப்பறம் மஞ்ச கார்டு, செவப்பு கார்டு. வரிசை போட்டிக்குப் போட்டி மாறும். எதுக்குமே அசையலன்னா சீட்டுக் குலுக்கினதும் உண்டு.”

கழிப்பார்கள் என்று அவள் சொன்னதும் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. “அப்ப நான் போட்டது சரிதான்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். “நீ எப்ப ஆயா போட்ட?” என்று அவள் சிரித்தாள்.

நான் போட்டது, அஞ்சாவது படித்த வருஷம், கடலூர் துறைமுகத்திலிருந்து சிதம்பரம் போகிற பாசஞ்சர் ரயிலில்.

அப்பாவின் இடுப்பில் துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்து, அவர் வீட்டோடு இருந்தார். அண்ணனுக்குப் பத்தொன்பது வயசு. அப்பா சுமந்த மூட்டையை அண்ணன் சுமந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் பழைய டவுன் டீமுக்கு அவர்தான் கேப்டன், கோல் காக்கிற கோலியும் அவர்தான். கையுறை கிடையாது, காலில் பூட்ஸ் கிடையாது. மூட்டை தூக்கின கை, பந்து வந்து ஒட்டிக்கொள்ளும். கையெழுத்து மட்டும் போடுவார், மற்றபடி படிக்கத் தெரியாது. அதனால் போகிற இடமெல்லாம் என்னைக் கூட்டிப்போவார். நோட்டீஸ் படிப்பதும் கோல் எண்ணிக்கை வைப்பதும் என் வேலை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான்தான் முதல், அதில் அண்ணனுக்கு என்னைவிடப் பெருமை.

அந்த வருஷம் சிதம்பரத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். எங்கள் பிரிவில் நாலு டீம்: நாங்கள், சிதம்பரத்துக்காரர்கள், பண்ருட்டி, ஸ்ரீமுஷ்ணம். மேலே போவது ஒரே ஒரு டீம். மேலே போனவர்கள் ஆடும்போது ஓர் ஆலையிலிருந்து அதிகாரி வருவார், தங்கள் டீமுக்கு ஒரு கோலியைப் பிடித்து வேலையும் கொடுப்பார் என்று பேச்சு. மாதச் சம்பள வேலை. “எனக்கு மட்டும் அது கெடச்சிதுன்னா ஒன்ன ஆறாவதுல சேத்துடுவேன் பாப்பா” என்று அண்ணன் சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் நான் அம்மாவோடு மண்டிக்கு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உடைக்கப் போகவேண்டும். அதை யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

கடைசி ஆட்டத்துக்குப் போகிற ரயில். சிதம்பரத்துக்காரர்கள் அதற்கு முந்தின நாளே தங்கள் மூன்று ஆட்டத்தையும் முடித்துவிட்டார்கள். அப்போதெல்லாம் ஜெயித்தால் இரண்டு புள்ளிதான். அவர்களுக்கு அஞ்சு புள்ளி. போட்ட கோல் ஆறு, வாங்கினது மூன்று. எங்களுக்கு மூன்று புள்ளி. போட்டது இரண்டு, வாங்கினது ஒன்று. அவர்களோடு நாங்கள் மோதினது ஒன்றுக்கொன்று சமம். அன்றைக்குப் பண்ருட்டியை ஜெயித்தால் எங்களுக்கும் அஞ்சு.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டீஸை எடுத்து நீட்டினார். அத்தை மகன் ஒருவர் எங்கள் டீமில் ஃபார்வர்டு, வாய் சும்மா இருக்காது. “மச்சான், டீச்சரம்மா கையில பேப்பரக் குடுத்துட்ட, பாரு, நம்ம எல்லாரையும் பெயில் போடப் போவுது” என்றார். பெட்டி முழுக்க ஆண்பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கூச்சத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். மனசுக்குள்ளேயே படித்தேன்.

புள்ளிகள் சமமானால், போட்ட கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து, பெரிய ஈவு பெற்ற அணி மேலே செல்லும். அப்படித்தான் இருந்தது.

ஈவு, மீதி எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சிலேட்டு இல்லை. ரயில் ஆடுகிறது. பத்துப் பேர் என் வாயைப் பார்க்கிறார்கள். எங்களுடைய இரண்டை ஒன்றால் வகுத்தால் இரண்டுதான், இது ஒரு கணக்கா என்று தோன்றியது. விரலை மடக்கிக் கழிக்கலாம், விரலில் வகுக்க வராது. எது பெரிசோ அது எப்படிப் போட்டாலும் பெரிசாகத்தானே வரும் என்று நினைத்துக்கொண்டு பாவாடைக்குள் விரலை மறைத்துக் கழித்தேன். அவர்களுக்கு ஆறில் மூன்று போனால் மூன்று. எங்களுக்கு ஒன்று. அவர்களைத் தாண்ட நாலு வேண்டும்.

“மூணு கோல் போடணும்ணா. ஒண்ணுகூட வாங்கக்கூடாது.”

“மூணா!” என்றார் அத்தை மகன். அண்ணன் நோட்டீஸை என்னிடமிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்தார். “பாப்பா சொன்னா சரியா இருக்கும். மூணு போடுவோம்” என்றார்.

ஆட்டம் நினைவில் துண்டுதுண்டாகத்தான் நிற்கிறது. பாதி ஆட்டத்துக்கு அப்புறம் அத்தை மகன் ஒரு கோல் போட்டார். அதோடு சரி, எத்தனை முட்டியும் அடுத்தது விழவில்லை. பத்து நிமிஷம்தான் பாக்கி என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் கோல் கம்பத்தடியிலிருந்து கோட்டோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். இன்னும் எத்தனை என்று கேட்கிறார் என்று புரிந்தது. நான் எழுந்து நின்று, எல்லாரும் பார்க்க இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அண்ணன் கோலை விட்டுவிட்டு முன்னால் ஓடினார்.

சிதம்பரத்துப் பையன்கள் அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்து எதிர்க்கோட்டில் வரிசையாக நின்றிருந்தார்கள். எங்கள் கோல் விழுந்ததிலிருந்து எழவு வீட்டில் நிற்கிற மாதிரி சத்தமில்லாமல் நின்றவர்கள், அண்ணன் நடுக்கோட்டைத் தாண்டியதும் குதித்துக் கை தட்டினார்கள். எதிரிகூட என் அண்ணனைப் பாராட்டுகிறானே என்று எனக்குப் பூரிப்பு. நானும் சேர்ந்து தட்டினேன்.

பண்ருட்டிக்காரன் ஒருவன் தன் பக்கத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து அண்ணன் தலைக்கு மேலே போய் விழுந்து, அவசரமே இல்லாமல் உருண்டது. அண்ணன் திரும்பி ஓடினார். நாலு அடி தூரத்தில் அவர் பாய்ந்தபோது அது கோட்டைத் தாண்டிவிட்டிருந்தது. ஒன்றுக்கொன்று. அப்படியே முடிந்தது. எங்களுக்கு நாலு புள்ளிதான்.

மைதானத்து ஓரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு கரும்பலகை வைத்திருந்தார்கள். கேப்டன் என்று ஆட்டத் தாளில் கையெழுத்துப் போடப் போன அண்ணனைக் கண்ணாடி போட்ட கமிட்டிக்காரர் ஒருவர் தோளைப் பிடித்து நிறுத்தி, ஏதோ கேட்டார். அண்ணன் பதில் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டு, சாக்பீஸால் பலகையில் எழுதிக் காட்டினார். ஆறு எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, மூன்று. பக்கத்தில் மூன்று எழுதி, கோடு போட்டு, ஒன்று. நான் தூரத்தில் முறுக்கு தின்றுகொண்டு நின்றேன். அண்ணன் பலகையை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் வருவதைக் கண்டதும் உள்ளங்கையால் பலகையை முழுசாக அழித்தார். தோற்ற ஆத்திரம் என்றுதான் நான் நினைத்தேன்.

ரயிலில் அத்தை மகன் விடவில்லை. “கோலிக்கு அங்க என்னா மச்சான் வேலை? போச்சு, எல்லாம் ஒன்னாலதான் போச்சு” என்றார். “ஆமாண்டா, என் தப்புதான். நான் கோல விட்டுட்டு வந்திருக்கக் கூடாது” என்றார் அண்ணன், எல்லாருக்கும் கேட்கும்படி. அப்புறம் என் தலையில் கையை வைத்து, மெதுவாக, “நீ போட்ட கணக்கு சரிதான் பாப்பா” என்றார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. எதற்கு இதைச் சொல்கிறார் என்று நினைத்தது நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அம்மா என் முடியைத் தட்டி, தலையெல்லாம் ஏண்டி சாக்பீஸ் என்று திட்டினாள்.

ஆலை வேலை சிதம்பரத்துக் கோலிக்குக் கிடைத்தது. நான் மல்லாட்டை உடைக்கப் போனேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று அண்ணன் மண்டி வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனார். பந்தை அதற்கப்புறம் அவர் தொடவில்லை. கடைசி வரைக்கும் மூட்டைதான். இருமல் வந்து, இருமலோடு ரத்தம் வந்து, நாற்பதைத் தாண்டவில்லை.

அந்த அத்தை மகனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். நல்ல மனுஷன், ஆனால் கேலியை விடமாட்டார். கல்யாணப் பந்தியிலேயே ஆரம்பித்தார். “சோத்த விட்டுட்டு ஓடிடாதீங்க மச்சான், கோல் மாதிரி.” ஊரே சிரித்தது. அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். காதுகுத்து, பொங்கல், எங்கே சந்தித்தாலும் அதே பேச்சு, அதே சிரிப்பு. பாயசம் ஊற்றிக்கொண்டே நானும் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்குக் காலையில் பேத்தியிடம் இதெல்லாம் சொல்லவில்லை. வெறும் எண்களை மட்டும் சொன்னேன். அவள் செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டு, “அந்தக் காலத்துல கழிக்க மாட்டாங்களாம் ஆயா, வகுப்பாங்களாம்” என்றாள். இரண்டும் ஒன்றுதானே என்றேன். “அதெப்படி ஆயா ஒண்ணாவும்?” என்று நோட்டில் எழுதினாள். ஆறு, கீழே கோடு, மூன்று. மூன்று, கீழே கோடு, ஒன்று. அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

ஆறை மூன்றால் வகுத்தால் இரண்டு. மூன்றை ஒன்றால் வகுத்தால் மூன்று. அண்ணன் என்னைப் பார்த்தபோது ஆட்டம் ஒன்றுக்கு சைபர். எங்களுடையது மொத்தம் போட்டது மூன்று, வாங்கினது ஒன்று. அப்படியானால் அந்த நிமிஷம் நாங்கள்தான் மேலே. அண்ணன் கம்பத்தடியிலேயே நின்றிருந்தால் போதும். இப்படித்தான் எனக்கு வருகிறது. எனக்கு வயசாகிவிட்டது, எண்களை மாற்றி நினைவு வைத்திருந்தாலும் வைத்திருப்பேன். கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். நான் எங்கேயாவது தப்பாகப் போட்டிருந்தால், அவசியம் சொல்லுங்கள்.