மானுக்கு வைத்த தோட்டா

வில்டா ப்ரூயிட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. வயோமிங் மேட்டுநிலத்தில் ஆடு வளர்ப்பவள். தோட்டா விஷயத்தில் அவளைப் போன்ற கறார்ப் பேர்வழியை அந்த வட்டாரத்தில் பார்க்க முடியாது. துப்பாக்கி ஒன்றுதான். மானுக்கு நூறு கிரெயின் எடையுள்ள கனத்த தோட்டா, கொயோட்டிக்கு ஐம்பத்தெட்டு கிரெயினில் இலேசானது. கொயோட்டி நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. இலேசான தோட்டா அதன் உடம்புக்குள்ளேயே சிதறி நின்றுவிடும். கனமானது துளைத்துக்கொண்டு போய்விடும். ஒருமுறை இரண்டையும் மாற்றிப் போட்டதற்குப் புருஷன் ஹார்லனை அவள் வாங்கிய வாங்கு இன்னும் ஊரில் பேச்சு.

ஹார்லன் போய்ச் சேர்ந்தபின் மந்தைக்கு அவளும் வெள்ளைக் காவல்நாய் மோசஸும்தான் துணை. இந்த மே மாதம் ஒன்பதே நாளில் பதினான்கு குட்டிகளைக் கொயோட்டிகள் தூக்கிவிட்டன. மிச்சமும் போனால் மந்தையை விற்றுவிட்டு மகள் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான்.

கடையில் இலேசான தோட்டா தீர்ந்திருந்தது.

“வியாழக்கிழமை வந்துரும் வில்டா. ரெண்டு நாள் பொறுத்துக்கோ,” என்றார் கடைக்காரர் ஆரின்.

“அதுவரைக்கும் விருந்துக்கு வராதேன்னு கொயோட்டிகிட்ட நீயே போய்ச் சொல்லேன்.”

“மான் தோட்டா இருக்கு. ஆனா அது அந்தப் பக்கம் வெளிய வந்துரும். பின்னால என்ன இருக்குன்னு…”

“எனக்கே பாடமா? குடுய்யா அந்தப் பெட்டிய!”

வீட்டுக்கு வந்ததும் வேலியில் ஒரு பீன்ஸ் டப்பாவை மாட்டிச் சுட்டாள். கனமான தோட்டா குறிக்கு இரண்டு விரல் கீழே பட்டது. துப்பாக்கி மேலிருந்த தொலைநோக்கியைத் திருகிச் சரிசெய்தாள். அதிலெல்லாம் ஒரு குறையும் வைக்கவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறும்போது, மேய்ச்சல் நிலத்தின் மேல் ஓரத்தில் புதரை ஒட்டி ஒரு கொயோட்டி நின்றது. வாயில் ஒரு குட்டி. வில்டாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாற்பது வருஷத்தில் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒருமுறைகூட விசையை இழுத்தவளில்லை. அன்று அவள் கண்ணில் கொயோட்டி மட்டும்தான் இருந்தது. சுட்டாள். அது சுருண்டு விழுந்தது.

புதருக்குள்ளிருந்து வேறொரு அலறல் கேட்டது.

ஓடிப்போய்ப் புதரை விலக்கினாள். மோசஸ். கொயோட்டியை மறிக்கப் பின்பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறது. தோட்டா வயிற்றைக் கிழித்திருந்தது. கால்நடை மருத்துவர் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தார். அதுவரை தாங்காது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவளைக் கண்டதும் நாய் வாலைத் தரையில் இரண்டு தடவை தட்டியது.

“நானேடா… ஐயோ, நானே உன்னக் கொன்னுட்டேனேடா!” என்று மண்ணில் உட்கார்ந்து கதறினாள்.

மேட்டுக்கு அப்பால் ஒரு கொயோட்டி ஊளையிட்டது. இன்னொன்று பதில் கொடுத்தது. கீழே குட்டிகள் கத்தின. சத்தம் கேட்டு மோசஸ் எழப் பார்த்தது, முடியவில்லை.

வில்டா எழுந்தாள். அதே பெட்டியிலிருந்து இன்னொரு தோட்டாவை எடுத்துத் துப்பாக்கியில் போட்டாள். இந்த முறை மோசஸின் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். வெறும் மண்மேடுதான்.