பகலில் தூங்குகிறவருக்கு எந்த அறை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுச் சாமி அறையில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. பெருமாள் படத்துக்குப் பக்கத்து ஆணியில்!

கோலமாவு கேட்டு வந்த பக்கத்து வீட்டு மல்லிகா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா... சாமிக்கு ஜுரமா?”

ஜுரம் சாமிக்கு இல்லை. வீட்டுக்கு.

மாட்டச் சொன்னவர் வசந்தா மேடம். மெட்ராஸில் ஒரு கட்டடக் கலை காலேஜில் பாடம் எடுக்கிறார். எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கம்பி என்று சொல்லித் தருகிற பாடமா? இல்லையாம். கட்டின வீட்டுக்குள் வெயில் எப்படி இறங்குகிறது, காற்று எந்த வழியாக வந்து போகிறது, மனுஷர் எங்கே உட்கார்ந்தால் வேர்க்காது — இதற்கு ஒரு பாடம். அதில் ஒரு ஆராய்ச்சி! பத்தாவதோடு நின்ற எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாம் தினமும் புழுங்குகிற புழுக்கத்துக்கு ஒரு வாத்தியார் இருக்கிறாரா?

எங்கள் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்ததிலிருந்து கூரை வீடுகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட் வீடாகின்றன. அந்த வீடுகளுக்குள் பகல் பொழுது எப்படிக் கழிகிறது என்று பார்க்கத்தான் மேடம் இரண்டு மாணவிகளோடு தாம்பரத்தில் பஸ் ஏறி, படப்பை தாண்டி, எங்கள் சேரப்பணஞ்சேரிக்கு வந்தார். தெருவில் வீடு வீடாகக் கேட்டார். முதலில் “வாங்க” என்றவள் நான்.

காரணம், என் வீட்டுக்காரர்.

அவருக்குத் தகடு அடிக்கிற பிரஸ் மெஷினில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பார். பத்து மணிக்கெல்லாம் எங்கள் கான்கிரீட் மேல்தளம் காய ஆரம்பித்துவிடும். ஃபேன் போட்டால் அடுப்பை ஊதுகிற மாதிரி காற்று. புரள்வார், எழுந்து உட்காருவார், தண்ணீர் குடிப்பார்... மறுபடி ராத்திரி மெஷின் முன்னால் போய் நிற்பார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். “நேத்து கண்ணு சொருகிடுச்சு. பக்கத்து மெஷின்காரன் சட்டையப் புடிச்சு இஸ்துட்டான். இல்லன்னா விரலு பூட்டிருக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பாதிச் சோற்றோடு எழுந்தேன். பெருமாளிடம் போய் நின்றேன். ‘அவர் கையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று வேண்டிக்கொண்டேன். வேறு யாரிடம் சொல்ல?

அந்த நேரத்தில்தான் மேடம் வந்தார்.

அறைக்கு ஒரு தெர்மாமீட்டர். மாணவிகள் மணிக்கொரு தடவை வந்து பார்த்து எழுதிக்கொண்டார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டுதான் சாமி அறைக்குள் போனார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று. அதில் ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கி, “ஆன்ட்டி... விளக்கு எரியுதே. அந்த சூடும் இதுல சேரும். கொஞ்ச நேரம் அணைச்சுக்கலாமா?” என்றாள்.

“அது மட்டும் கேக்காத கண்ணு” என்றேன்.

மேடம் அவளிடம் திரும்பினார். “இந்த வீட்ல விளக்கு எரியும். அதை அணைச்சிட்டு அளந்தா, நீ அளக்கறது இந்த வீடு இல்ல. விளக்கு எரியுதுன்னும் சேர்த்து எழுது.”

இதுவல்லவா பாடம்!

சாயங்காலம் கணக்கு வந்தது. வீட்டிலேயே கொதிக்கிற அறை, என் வீட்டுக்காரர் படுக்கிற அறை. கன்னி மூலையில் குடும்பத் தலைவர் படுக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லி, நாங்கள் ஆசையாகக் கட்டியது. மத்தியானத்துக்கு மேல் வெயில் முழுக்க அந்தத் தென்மேற்குச் சுவர்களில்தான். குளுமையான அறை எது? விளக்கு எரிந்தும்கூட, ஈசானிய மூலையில் இருக்கிற சாமி அறைதான். காலை வெயில் சீக்கிரம் விலகிவிடுகிறது. பிற்பகலில் மாடிப்படிக் கூண்டின் நிழல் அந்தத் தளத்தின்மேல் விழுகிறது. கிழக்கே ஜன்னல் வேறு.

மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். “தளத்துக்கு வெள்ளையடிங்க. கீத்துப் பந்தல் போடுங்க. சூடு குறையும். ஆனா இப்ப இருக்கற நிலைமைல, பகல்ல ஒருத்தர் தூங்கணும்னா இந்த வீட்ல இது ஒண்ணுதான் ரூம்.”

“அது சாமி ரூம்மா...”

“தெரியும்மா. அளந்ததைச் சொன்னேன். முடிவு உங்களோடது.”

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

கடன் பட்டாலும் சாமிக்குத் தனி அறை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டியவள் நான். தாராளமாகப் பாய் விரிக்கலாம், அவ்வளவு பெரிய அறை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அலறினார்.

“சாமி ரூம்ல லுங்கி கட்டிக்கினு படுக்கறதா? இன்னாடி, வெளையாடுறியா? எனுக்கு ஒண்ணும் வாணாம். கோணியை நனைச்சு ஜன்னல்ல கட்டு, போதும்.”

நாத்தனாருக்குச் சேதி போய்விட்டது. அடுத்த தெருவிலிருந்து வந்து நின்றார். “இன்னா சரோஜா, சாமிய வெளிய தள்ளிட்டு புருஷனுக்கு ரூமா? ஊருல கேட்டா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் அண்ணி. ஒங்க தம்பி மெஷினுல கைய வெச்சிக்கினு தூங்கி வழிஞ்சா, அப்ப சிரிக்க முடியாது.”

வாய் பேசிவிட்டது. மனசு? அது அடித்துக்கொண்டது. பெருமாள் முன்னால் உட்கார்ந்தேன். பூ விழுமா, பல்லி சொல்லுமா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்போதுதான் தோன்றியது... கோயிலில் ராத்திரியானால் சாமியைப் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறோம். தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறோம். காலையில் பாடித்தான் எழுப்புகிறோம். தூக்கத்தின் அருமை அவருக்கா தெரியாது? வீட்டுக்காரர் கையைப் பார்த்துக்கொள் என்று கேட்டவள் நான். வழி இதுதான் என்று பெருமாள் காட்டும்போது, ‘உன் அறையைத் தவிர வேறு ஏதாவது கொடு’ என்று சொன்னால் அது பக்தியா?

வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்தேன். ஹாலில் கிழக்குப் பார்த்து ஒரு பலகை அடிக்கச் சொல்லி, படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய் வைத்தேன். சர்க்கரைப் பொங்கல் படைத்தேன். விளக்கு அணையவில்லை, இடம்தான் மாறியது.

அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் வந்தவர் முணுமுணுத்துக்கொண்டேதான் உள்ளே போனார். பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்து பார்த்தேன். அசையவில்லை. சத்தம் வரக்கூடாது என்று குக்கர் வைக்காமல் பானையில் சோறு வடித்தேன். மூன்று மணிக்கு எழுந்து வந்து, “ஏன் எழுப்பல? பசிக்குது” என்று சண்டை போட்டார். அந்தச் சண்டை எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

மேடத்துக்குச் சொல்லியனுப்பினேன். போன வாரம் என்னையே காலேஜுக்குக் கூப்பிட்டுவிட்டார்! சுவர் முழுக்க மாணவர்கள் வரைந்த வீடுகள். ஷிஃப்ட் வேலைக்காரர் குடும்பத்துக்கு வீடு வரையச் சொல்லியிருந்தாராம். வீட்டில் யார், எந்த நேரத்தில் தூங்குகிறார்கள் என்று ஒவ்வொரு படத்திலும் ஒரு ஓரமாக எழுதியிருந்தது. அதை எழுதிய பிறகுதான் சுவரே வரைய வேண்டுமாம். மேடத்தின் கட்டளை.

ஒரு பையன் எழுந்து கேட்டான். “தெர்மாமீட்டர் சொன்னதுக்காகவா ஆன்ட்டி சாமியை மாத்துனீங்க?”

“இல்லப்பா. எந்த ரூம்னு தெர்மாமீட்டர் சொல்லிச்சு. யாருக்குன்னு நான்தான் சொன்னேன்.”

மேடம் சிரித்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே பஸ் ஏறினேன். ஏன் நிமிரக் கூடாது? அளக்கிறவர் அளக்கட்டும், வாழ்கிறவள் முடிவெடுக்கட்டும். இரண்டும் சேர்ந்தால்தானே வீடு?

முந்தாநாள் நாத்தனார் மறுபடி வந்தார். மத்தியான நேரம். பேச்சு வாக்கில் உள்ளே வந்தவர், பழைய பழக்கத்தில் அந்த மூடிய கதவுக்கு நேராக நின்று, கண்ணை மூடி, பயபக்தியோடு கும்பிட்டார். உள்ளேயிருந்து பெரிதாக ஒரு குறட்டை வந்தது.

பத்து விரலோடு நிம்மதியாகத் தூங்குகிற ஒரு மனுஷரைக் கும்பிட்டால் என்ன குறைந்துவிடும்?