நெடுஞ்சாலைக்குக் கீழே ஒரு பஸ் தரிப்பிடம்

விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிவிடப் போகும்போதெல்லாம் நெடுஞ்சாலைப் பாலத்தின் மேலிருந்து கீழே ஒரு சிற்றூரின் மணிக்கூண்டு தெரியும். நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை. போன மார்ச்சில் ஒரு வியாழன், வீட்டு வேலை செய்கிற எங்களுக்கு அரைநாள் ஓய்வு, போயே தீருவது என்று கிளம்பினேன்.

நாங்கள் இருக்கும் இத்தாலியின் பலேர்மோவிலிருந்து பஸ்ஸில் 31 கிலோமீட்டர், 3.40 யூரோ, பழைய வீதியால் ஐம்பது நிமிடம். அதே பெயர்ப்பலகையோடு நெடுஞ்சாலையால் போகும் பஸ்ஸும் உண்டு. அதில் ஏறினால் ஊரைப் பாலத்தின் மேலிருந்துதான் பார்ப்பீர்கள். ஒருமுறை பட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த ஊரான ஃபொந்தாகோவில் 1.50க்கு இறங்கினேன். டயர்க் கடை, இரண்டு உணவகங்கள், எல்லாம் பூட்டு. நெடுஞ்சாலை வருமுன் இந்த வீதியைக் கடக்கக் காத்து நிற்க வேண்டுமாம். இப்போது நடு வீதியில் நாய் படுத்திருக்கிறது. எனக்கு அந்த அமைதி பிடித்தது. பிடித்ததை நினைக்கக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

திறந்திருந்த ஒரே பாரில் கோப்பி குடிக்கும்போது, "தம்பி தமிழோ?" என்று ஒரு குரல். மலர் அக்கா. பலேர்மோவின் பல்லரோவில் வீடு, தினமும் இங்கே வந்து எண்பத்திநாலு வயது சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மையார், ஒருவரைப் பார்த்துக்கொள்கிறார்.

"எப்பிடித் திரும்பிப் போறீங்கள்?"

"சிநேகிதன் காரிலை வாறான், அக்கா."

"அவரை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இந்தக் கிழமை பஸ் கொம்பனிக்காரர் இஞ்சை ஏறுற ஆக்களை எண்ணீனம். ஆக்கள் இல்லாட்டிப் பஸ் மேலை நெடுஞ்சாலையாலை போயிடும். பிறகு நான் இஞ்சை எப்பிடி வாறது? சிஞ்ஞோராவை ஆர் பாக்கிறது?"

சிநேகிதனுக்குப் போன் அடித்து வரவேண்டாம் என்றேன். அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஐந்து மணிக்குத் தரிப்பிடத்தில் மூன்று பேர். மூன்றாமவர் சிஞ்ஞோரா; நல்ல கோட், கைப்பை, உதட்டுச் சாயம். பஸ்ஸுக்குள் தாளோடு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தவர் அவரைப் பார்த்து, "நீங்களும் பயணமா?" என்று இத்தாலியனில் கேட்டார்.

"ஓம்," என்றார் சிஞ்ஞோரா. மலர் அக்கா பழக்கிய சொல்.

அடுத்த தரிப்பிடம் இருநூறு மீட்டர் தள்ளி, சேமக்காலை என்கிற கல்லறைத் தோட்டத்தின் வாசலில். அங்கே சிஞ்ஞோரா இறங்கினார். "திங்கள் துடக்கம் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்," என்றார் அக்கா. "ஏறி, இறங்கி, நடந்து வீட்டை போவா." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ்ஸைப் பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. போக நினைப்பவர்களுக்கு: வியாழன் நல்லது, தண்ணீர் கொண்டுபோங்கள், பார் நாலரைக்குப் பூட்டிவிடும். காரில் போகாதீர்கள். திரும்பும்போது தரிப்பிடத்தில் நின்று கையை நன்றாக உயர்த்திக் காட்டுங்கள். பக்கத்தில் கோட் போட்ட ஒரு மூதாட்டி நின்றால், முதலில் அவரை ஏறவிடுங்கள்.